வீட்டில் மாற்றிய மின்சாரக் காருக்குப் பெரிய மோட்டார்: டிசி மோட்டாரைக் கழற்றி லீஃப் மோட்டார் போடுவது எப்படி

பழைய பெட்ரோல் காரைத் தன் கையாலேயே மின்சாரக் காராக மாற்றியவர்கள் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் பெரிய மோட்டார் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் மோட்டாரை மட்டும் மாற்றினால் கார் வேகமாகிவிடாது. சில சமயம் முன்பைவிட மந்தமாகவும் ஆகிவிடும். ஏன் என்று முதலில் கணக்கோடு காட்டிவிட்டு, பிறகு வேலையை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட கார் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின். எடை ஒரு டன்னுக்குள் அடங்கும்; பின்சக்கர இழுவை; கியர்பாக்ஸ் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டில் கார் மாற்றுகிறவர்களுக்குப் பிடித்த கார் இது. 2000-களில் இப்படிப்பட்ட கார்களில் போட்ட வழக்கமான செட்: 9 அங்குல டிசி சீரிஸ் மோட்டார், கர்ட்டிஸ் 1231சி கன்ட்ரோலர், 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி பன்னிரண்டைத் தொடராகக் கோர்த்து 144 வோல்ட். இப்போது எல்லாருடைய கண்ணும் விபத்தில் அடிபட்டு உடைப்புக்கு வரும் நிசான் லீஃப் மின்சாரக் காரின் மோட்டார் மேல் இருக்கிறது. 2013 முதல் வந்த இஎம்57 மோட்டார் 80 கிலோவாட் சக்தியும் 254 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும். எடை 60 கிலோவுக்குள்தான். 9 அங்குல டிசி மோட்டார் 70 கிலோ இருக்கும்.

முதலில்: உங்கள் காரைப் பிடித்து வைத்திருப்பது எது?

மோட்டாரா, கன்ட்ரோலரா, பேட்டரியா? இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். தேவை மூன்று அளவுகள்: பேட்டரி வோல்ட், மோட்டாருக்குப் போகும் ஆம்ப், மோட்டார் உடம்பின் சூடு. பேட்டரி ஆம்ப்பும் மோட்டார் ஆம்ப்பும் ஒன்றல்ல என்பதால் மீட்டரை மோட்டார் கேபிளிலேயே மாட்டுங்கள். குறைந்த வேகத்தில் மோட்டாருக்கு 500 ஆம்ப் போகும்போது பேட்டரியிலிருந்து அதில் ஒரு பங்குதான் வெளியேறும். வோல்ட்டைக் குறைத்து ஆம்ப்பைக் கூட்டித் தருவதுதான் கன்ட்ரோலரின் வேலை.

இப்போது ஒரு நீளமான மேட்டில் பெடலை முழுதும் மிதித்து ஏறுங்கள். 144 வோல்ட் பேட்டரி 110-க்குக் கீழே படுத்துவிட்டால் குறை பேட்டரியில். வோல்ட் நிற்கிறது, மோட்டார் ஆம்ப்பும் 500-இல் முட்டி நிற்கிறது என்றால் கன்ட்ரோலர். வோல்ட் நிற்கிறது, ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற ஆம்ப் தானாக இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அது மோட்டார்: சுற்றும் மோட்டார் தானே எதிர்வோல்ட்டை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தள்ளிவிடுகிறது. நான்காவதாக ஒன்றும் உண்டு. முதல் ஒன்றிரண்டு நிமிடம் நன்றாக இழுத்து, அப்புறம் சோர்ந்துபோனால் கன்ட்ரோலர் சூட்டில் தன்னைக் குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். 1231சி-யின் 500 ஆம்ப் இரண்டு நிமிடத்துக்கு மட்டும்தான். ஒரு மணி நேரத் தாங்குதிறன் 225 ஆம்ப்.

பழைய பேட்டரியில் புது மோட்டார்: கணக்கு

லீஃப் மோட்டாரின் 254 நியூட்டன் மீட்டர் சுமார் 3,000 ஆர்பிஎம் வரை கிடைக்கும். அந்த இடத்தில்தான் 80 கிலோவாட் வருகிறது. இது 360 வோல்ட் பேட்டரி இருக்கும்போது. டார்க்கைத் தீர்மானிப்பது ஆம்ப். அந்த டார்க் எந்த ஆர்பிஎம் வரை நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது வோல்ட். பேட்டரி 144 வோல்ட் என்றால் அது 360-இல் 40 சதவீதம். ஆக, 3,000 ஆர்பிஎம் 1,200 ஆகச் சுருங்கும். 254 நியூட்டன் மீட்டர், 1,200 ஆர்பிஎம் என்று பெருக்கினால் 32 கிலோவாட்.

பழைய செட் என்ன தந்தது? 144 வோல்ட் சுமையில் 115 ஆக இறங்கினாலும், 500 ஆம்ப்பில் 57 கிலோவாட் உள்ளே போகும். 85 சதவீதம் சக்கரப் பக்கம் வந்தால்கூட 48 கிலோவாட். அதாவது பழைய டிசி மோட்டாரே தேவலை. புது மோட்டார் சிக்னலில் ஜோராகக் கிளம்பும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு லீஃபின் சொந்த இன்வெர்ட்டர் (பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றும் பெட்டி) இவ்வளவு குறைந்த வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

அதனால் வழி இரண்டுதான். 144 வோல்ட் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது, அதை விட மனமில்லை என்றால், அந்த வோல்ட்டுக்கென்றே செய்த ஏசி மோட்டாரை எடுங்கள். நெட்கெயின் நிறுவனத்தின் ஹைப்பர் 9 இந்த வகை. 235 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் தரும், 144 வோல்ட் ரகமும் உண்டு. லீஃப் மோட்டார்தான் வேண்டும் என்றால் பேட்டரியையும் 360 வோல்ட்டுக்குக் கொண்டு போங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். லெட் ஆசிட் பேட்டரி பன்னிரண்டும் சேர்ந்து 350 கிலோ பக்கம் வரும். லீஃபின் 24 கிலோவாட் மணி பேட்டரியில் 48 மாட்யூல், ஒன்று 3.8 கிலோ, மொத்தம் 182 கிலோ. காரிலிருந்து 150 கிலோவுக்கு மேல் இறங்கிவிடும். அந்த எடைக்குறைவையே முதல் நாளிலேயே ஸ்டீயரிங்கில் உணரலாம்.

டிசி மோட்டாரையே வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் 1,000 ஆம்ப் ரகத்துக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. இழுவை கூடும். ஆனால் பிரஷ் தேய்மானம் அப்படியே இருக்கும், பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பி வராது. இந்தக் காலத்தில் அதில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேப்பர் வேலை

ஊருக்கு ஊர் சட்டம் வேறு. பிரிட்டனில் வாகனப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ 2025 வரை ஒரு புள்ளி முறை வைத்திருந்தது: பழைய காரின் பாகங்களுக்கு எட்டுப் புள்ளியாவது தேறினால்தான் பதிவு எண் தொடர்ந்தது. எஞ்சினுக்கு ஒரு புள்ளிதான், சேசிஸுக்கு ஐந்து. மோட்டார் மாற்றுவதில் பெரிதாக ஒன்றும் போகவில்லை; பேட்டரிப் பெட்டிக்காக சேசிஸை வெட்டினால்தான் வம்பு வந்தது. இந்தியாவில் நிலைமையே வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற ஏஐஎஸ்-123 தரத்தில் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்ற கிட் வேண்டும். மாற்றத்தை ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். உடைப்பிலிருந்து எடுத்த மோட்டாரை நீங்களாகப் போட்டுத் தமிழ்நாட்டு ரோட்டில் ஓட்ட முடியாது. அங்கே இருப்பவர்கள் இந்த வழிகாட்டியைத் தொழில்நுட்பம் தெரிந்துகொள்ளப் படிக்கலாம்; கல்லூரி வளாகப் ப்ராஜெக்ட்டுக்கும் உதவும்.

பொருள் வாங்கும்போது

மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி, சார்ஜர், பெடல் எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் செருகியிருக்கும் பிளக்கை வயரில் ஒரு முழம் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். பிளக் தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம், விலையும் வலிக்கும்.

மோட்டாரைக் கையாலேயே சோதிக்கலாம். மூன்று பேஸ் முனைகளையும் திறந்து விட்டு ஷாஃப்ட்டைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். பிறகு மூன்று முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டுச் சுற்றுங்கள். ரோட்டரில் நிலைக்காந்தம் இருப்பதால் இப்போது ஷாஃப்ட் கையை எதிர்த்து இறுகும். முனைகள் திறந்திருக்கும்போதே இறுகினால் உள்ளே ஏதோ ஒரு சுருள் ஷார்ட். அந்த மோட்டாரை விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். அப்புறம் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து பேஸ் முனைக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள், மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டும்.

இஎம்57-இல் இன்வெர்ட்டர் மோட்டாரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். உயரம் அதிகம். எம்எக்ஸ்-5-இன் பானெட் தாழ்வானது. வாங்கும் முன் அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி எஞ்சின் அறையில் வைத்து, பானெட்டை மூடிப் பார்த்துவிடுங்கள்.

கழற்றுவது

பேட்டரிக்கு நடுவில் இருக்கும் சர்வீஸ் பிளக்கை முதலில் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். மல்டிமீட்டரில் 60 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். 1,000 வோல்ட் ரப்பர் கையுறை, ஒரு கையால் மட்டும் வேலை, மோதிரமும் வாட்சும் கழற்றியாகிவிட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். எதைப் பிடுங்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கழற்றிய டிசி மோட்டாரை ஆசைக்குச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீரிஸ் மோட்டாருக்குச் சுமை இல்லையென்றால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. முழு வோல்ட் கொடுத்தால் ஆர்மேச்சர் சிதறும். 12 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். கழற்றிய இடத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத்தூளையும் நன்றாகத் துடைத்து எடுங்கள். அது பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கார்பன், மின்சாரம் கடத்தும். புது செட்டில் இன்சுலேஷன் கசிவுக்கு அதுவே காரணமாகிவிடும்.

அடாப்டர் பிளேட்டும் கப்ளரும்

மொத்த வேலையிலும் அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். மோட்டார் ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் உறுமல் கேட்கும், பிறகு ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டின் மேலுள்ள பற்கள்) தேயும், கடைசியில் பேரிங் போகும்.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிப்பது அடாப்டர் பிளேட். உங்களிடம் ஏற்கெனவே டிசி மோட்டாருக்குச் செய்த பிளேட் இருக்கிறது. அதில் கியர்பாக்ஸ் பக்கத்துத் துளைகள் சரியாக ஓடிப் பார்த்தவை. அதை வீசாதீர்கள், அந்தத் துளை அமைப்பை அப்படியே புதுப் பிளேட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பக்கம் மட்டும்தான் புதிது. 15 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு போதும். நல்ல லேத் பட்டறையில் கொடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும்தான், இடத்தைத் தீர்மானிப்பது டவல் பின் (துளையில் ஆட்டமில்லாமல் இறுக்கமாக உட்காரும் உருளை முளை). போல்ட் துளையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இரண்டு டவல் பின் இல்லாத பிளேட்டை ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் மையம் இடம் மாறும்.

பிளேட்டை மோட்டாரில் மாட்டியதும் டயல் கேஜின் அடிக்கட்டையை மோட்டார் ஷாஃப்ட்டில் பிடித்து வையுங்கள். முள்ளை, கியர்பாக்ஸ் உட்காரும் வட்டத்தின் உள்சுவரில் தொடவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள் மொத்தம் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் மையத்தின் விலகல். மொத்த ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருங்கள். பிறகு அதே முள்ளைப் பிளேட்டின் முகத்தில் வைத்து இன்னொரு சுற்று. பிளேட் சாய்ந்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளரில் மூன்று விஷயம் வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் நுனி பெட்ரோல் எஞ்சினில் பைலட் பேரிங்கில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பேரிங்குக்குக் கப்ளரில் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் நுனி ஆதாரமில்லாமல் ஆடும். நீளவாக்கில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், சூட்டில் ஷாஃப்ட் நீண்டு கியர்பாக்ஸ் பேரிங்கைத் தள்ளக் கூடாது. மூன்றாவது, அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங். பழைய கிளட்ச் தட்டின் நடுப்பகுதியை, ஸ்பிரிங்கோடு, கப்ளரில் சேர்த்துவிடலாம். இழுப்பதிலிருந்து ரீஜென்னுக்கு (வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது) மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்ப்லைன் அடி வாங்குகிறது. அந்த அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும்.

கிளட்ச் வேண்டுமா? என் அபிப்பிராயம், வேண்டாம். நின்றபடியே முழு டார்க் தரும் மோட்டாருக்குக் கிளம்ப கிளட்ச் தேவையில்லை. பெடலை விட்டுவிட்டு ஒரு நொடி பொறுத்தால் கியரும் விழும். கிளட்ச் இல்லாததால் எடையும் நீளமும் குறையும்.

எந்த கியரில் ஓட்டுவது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. எம்எக்ஸ்-5-இன் ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் 3.136, இரண்டாவது 1.888, மூன்றாவது 1.330; பின் டிஃபரன்ஷியல் 4.3. இரண்டாவது கியரில் மொத்த விகிதம் 8.12. 2013 லீஃபின் ஒற்றை கியர் விகிதம் 8.19. நிசான் பொறியாளர்கள் அந்த மோட்டாருக்குத் தேர்ந்தெடுத்த விகிதம் உங்கள் காரில் இரண்டாவது கியராக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சக்கரத்துக்குப் போகும் டார்க்கைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினின் 136 நியூட்டன் மீட்டர், முதல் கியரில் பின் ஆக்சிலில் சுமார் 1,830 ஆகும். டிஃபரன்ஷியல் பார்த்துப் பழகிய உச்சம் அது. லீஃப் மோட்டார் இரண்டாவது கியரிலேயே 2,060 தரும். முதல் கியரில் 3,420. 1.6 லிட்டர் கார்களில் வந்த சின்ன டிஃபரன்ஷியல் பலவீனமானது என்பது அந்தக் கார்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மஸ்டாவே 1994 மாடலில் 1.8 எஞ்சின் போட்டபோது பெரிதாக மாற்றியது. அதனால் முதல் கியரைத் தொடவே வேண்டாம். இரண்டாவதில் டார்க்கை 220 நியூட்டன் மீட்டருக்கு மென்பொருளில் கட்டிப்போடுங்கள். அல்லது 1.8-இன் டிஃபரன்ஷியலைத் தேடிப் போட்டுவிடுங்கள்.

ஆர்பிஎம்முக்கும் எல்லை வேண்டும். மோட்டார் 10,000-க்கு மேல் போகும். கியர்பாக்ஸோ 7,000 அளவுக்குத்தான் செய்யப்பட்டது. 185/60 ஆர்14 டயரில் 7,000 ஆர்பிஎம் என்றால் இரண்டாவது கியரில் மணிக்கு 94 கிலோமீட்டர், மூன்றாவதில் 133. ஊருக்குள் இரண்டு, நெடுஞ்சாலைக்கு மூன்று. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் வராது.

400 வோல்ட் உலகம்

லீஃப் பேட்டரியின் 96 செல் வரிசை முழு சார்ஜில் 403 வோல்ட் காட்டும். பழைய காரின் கான்டாக்டர் (பேட்டரியை இணைத்து அறுக்கும் பெரிய மின்சுவிட்ச்), ஃபியூஸ், டிசி-டிசி கன்வெர்ட்டர், சார்ஜர் எதுவும் இதற்கு ஆகாது. டிசி மின்னோட்டத்தை அறுக்கும்போது எழும் தீப்பொறி, ஏசி போலத் தானாக அணையாது. 96 அல்லது 144 வோல்ட்டுக்குச் செய்த கான்டாக்டரில் அது எரிந்துகொண்டே இருக்கும். கான்டாக்டர், ஃபியூஸ் இரண்டிலும் டிசி வோல்ட் அளவு 450-க்கு மேல் அச்சடித்திருக்க வேண்டும். ஏசி அளவு மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஒரு நன்மை: ஆம்ப் பாதியாகிவிட்டதால் கேபிள் மெலியும். 70 சதுர மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 35 அல்லது 50 போதும்.

கான்டாக்டரை நேராக மூடக் கூடாது. இன்வெர்ட்டருக்குள் பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது. காலியான கெப்பாசிட்டர் அந்த நொடியில் ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். 1,000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரப்பினால் தொடக்க மின்னோட்டம் 4 ஆம்ப். அரை நொடியில் நிரம்பிவிடும். அந்தக் கணத்தில் ரெசிஸ்டரில் 1,600 வாட் பாயும் என்பதால், அலுமினிய உடம்பு வைத்த கம்பிச்சுற்று ரெசிஸ்டராகப் போடுங்கள். இன்வெர்ட்டர் பக்க வோல்ட் 95 சதவீதம் ஏறியதை உறுதி செய்த பிறகே மெயின் கான்டாக்டர் மூட வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் காரின் உடம்பைத் தொடவே கூடாது. எல்லாம் கட்டி முடித்ததும் 500 வோல்ட் மெகரில் உடம்புக்கு எதிராகப் பாருங்கள். வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற விதிப்படி 400 வோல்ட்டுக்கு 200 கிலோஓம் குறைந்தபட்சம். நல்ல வேலை என்றால் மெகாஓம் காட்டும்.

தண்ணீரும் கன்ட்ரோலும்

டிசி மோட்டாருக்குக் காற்று போதும். லீஃப் மோட்டாருக்குக் கூலன்ட் வேண்டும்: 12 வோல்ட் பம்பு, சின்ன ரேடியேட்டர். ரேடியேட்டரிலிருந்து வரும் குளிர்ந்த கூலன்ட் முதலில் இன்வெர்ட்டருக்கு, பிறகு மோட்டாருக்கு. இன்வெர்ட்டர் தாங்கும் சூடு குறைவு. காற்றுக்குமிழ் போகும்வரை பம்பை ஓட விடுங்கள்.

லீஃப் இன்வெர்ட்டர் கேன் பஸ்ஸில் (காரின் பாகங்கள் தகவல் பரிமாறும் வயர்) 10 மில்லி நொடிக்கு ஒரு முறை டார்க் கட்டளையை எதிர்பார்க்கும். அதை அனுப்ப ஸாம்பிவெர்ட்டர் போன்ற ஒரு பலகை போதும். இல்லையென்றால் ஓப்பன்இன்வெர்ட்டர் திட்டத்தின் கன்ட்ரோல் போர்டை உள்ளே மாற்றலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு முதல் வழி எளிது, மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் ஏற்கெனவே இருக்கும் பொருத்தம் கெடாது. பெடலில் இரண்டு சென்சார் தடம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டார்க் பூஜ்யமாக வேண்டும். இந்த ஒரு அமைப்பைத் தவிர்க்கவே கூடாது.

முதல் ஓட்டம்

நான்கு ஸ்டாண்டில் காரை ஏற்றி, டார்க் எல்லை பத்து சதவீதம், ஆர்பிஎம் எல்லை 2,000 என்று வைத்துத் தொடங்குங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சுற்றி மறுபக்கம் பலவீனமாக இருந்தாலோ, ஆம்ப் ஏறியும் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றாலோ ரிசால்வர் (ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார்) கோணம் தவறு. போர்டு மாற்றியவர்களுக்கு இது வரும். கோணத்தைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

ரோட்டில் ரீஜென்னைக் குறைவாகவே தொடங்குங்கள். இது பின்சக்கரக் கார். ஈரமான வளைவில் பெடலை விட்டதும் பின்சக்கரங்கள் மட்டும் பலமாகப் பிடித்தால் கார் சுற்றிவிடும். 1,100 கிலோ காருக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 18 கிலோவாட் ரீஜென் என்றால் 0.1 ஜி, அதற்கு மேல் மழைக்காலத்தில் போக வேண்டாம். பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது ரீஜென் பூஜ்யமாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்: கியரில் இருக்கும்போது காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. நிலைக்காந்த மோட்டார் சுற்றினாலே ஜெனரேட்டர்தான். நியூட்ரலில் போட்டு இழுக்கலாம், இல்லாவிட்டால் பின்சக்கரத்தைத் தூக்கி ஏற்ற வேண்டும். அதேபோல் வேகமாகப் போகும்போது மெயின் கான்டாக்டரை அணைக்கும் சுவிட்சைத் தொட வேண்டாம். முதலில் டார்க்கைப் பூஜ்யமாக்கி, வேகம் இறங்கிய பிறகு அணைக்க வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் அடாப்டர் போல்ட், மோட்டார் மவுண்ட், பேட்டரி பஸ்பார் (மாட்யூல்களை இணைக்கும் உலோகப் பட்டை) நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள். பஸ்பார்களை, ஓட்டி வந்த சூட்டோடு, தெர்மல் கேமராவில் ஒரு முறை பார்த்தால் எந்த நட் தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்: மற்றவற்றைவிட அது பளிச்சென்று சூடாகத் தெரியும்.